தராசும் அவனுடையது, கல்லும் அவனுடையது

(மலேசியாவின் லாயாங் லாயாங்கில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த பிள்ளைகள், வேலைக்குப் போகும் இளைஞர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019 பிப்ரவரி மாதம். நம் நாட்டு வெளியுறவுத் துணை அமைச்சராக அப்போது இருந்தவர் மர்சுக்கி யாஹ்யா. அவர் கேம்பிரிட்ஜில் படித்தவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகளில் இருந்தது. கேள்வி கிளம்பியது. கடைசியில் அவரே விளக்கம் சொன்னார்: இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் இல்லையாம், அமெரிக்காவில் உள்ள கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டியாம். தொலைநிலைக் கல்வியாம். நடுவில் ஒரே ஒரு சொல் கூடுதல். எண்ணூறு ஆண்டுப் பழமையான பல்கலைக்கழகத்துக்கும், முறையான அங்கீகாரம் எதுவும் இல்லாத ஓர் அமைப்புக்கும் இடையில் அந்த ஒரு சொல்தான் வேலி.

அவர் ஏமாந்தாரா, ஏமாற்றினாரா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. போலிப் பட்டத்தில் சிக்குகிறவர் விவரம் தெரியாதவர், நாட்டுப்புறத்தார், நம்மைப் போன்ற தோட்டத்து ஆட்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் பேசலாம் என்பதற்காகச் சொன்னேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2004இல் கணக்கெடுத்தது. மத்திய அரசு ஊழியர்களில் 463 பேர் அங்கீகாரமில்லாத நிறுவனங்களில் சேர்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட பட்டம் வைத்திருந்தவர்களில் மேல்மட்ட அதிகாரிகளும் உண்டு. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணினிப் பிரிவில் உயர் பதவி வகித்த ஓர் அம்மையாரும் அதே காரணத்தால் அந்த ஆண்டு பதவி விலக வேண்டி வந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் நடுவே ரயில் நின்று போகும் ஊர் இது. சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் செம்பனை இன ஆராய்ச்சி நூல்களில் எல்லாம் வருகிறது. அங்கே குலை வெட்டியவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பதை எந்த நூலும் எழுதவில்லை. பிள்ளைகள் இப்போது கூலாய், செனாய் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். இருட்டோடு எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒரு அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக சூப்பர்வைசர். இயந்திரம் போடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்வார். கையில் இருப்பது எஸ்.பி.எம். மட்டும். பட்டம் வாங்கிய பையன் ஒருவன் புதிதாக வருகிறான், இவரே அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறார், அடுத்த வருடம் அவனையே பாஸ் என்று கூப்பிடுகிறார். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்குக் கைப்பேசியைத் திறக்கும்போது விளம்பரம் வருகிறது: வகுப்பு இல்லை, தேர்வு இல்லை, உங்கள் அனுபவத்துக்கே பட்டம், ஆறு வாரத்தில் வீடு தேடி வரும். இந்த விளம்பரத்தை எழுதியவன் இந்த அண்ணனின் வயிற்றெரிச்சலை வரி வரியாகப் படித்தவன். அதனால்தான் 'பேராசைப்படாதே' என்ற அறிவுரை இங்கே பலிக்காது. அவருக்கு இருப்பது பேராசை இல்லை, நியாயமான ஆசை. போலிப் பட்டக் கடைகள் எல்லாமே நியாயமான ஆசையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

அந்தக் கடை உள்ளே எப்படி இருக்கும்? நல்லவேளையாக, ஒரு கடையின் உள்பக்கம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம். வெளியே போர்டு மென்பொருள் நிறுவனம் என்று சொன்னது. 2,000 பேருக்கு மேல் வேலை, நீச்சல் குளம், நல்ல சம்பளம். 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் டெக்லன் வால்ஷ் என்ற செய்தியாளர் எழுதினார்: அது பட்டம் விற்கும் கடை, குறைந்தது 370 இணையதளங்கள் அதன் கையில். பார்க்லி, கொலம்பியானா என்றெல்லாம் பல்கலைக்கழகப் பெயர்கள். காதில் விழும்போது பெர்க்லி, கொலம்பியா என்று கேட்க வேண்டும், வழக்கு வந்தால் வேறு பெயர் என்று காட்ட வேண்டும்.

ராத்திரி அந்த விளம்பரத்தைத் தொட்டால் ஒரு சாட் பெட்டி திறக்கும். அமெரிக்கப் பெயர், அமெரிக்க உச்சரிப்பு. பேசுவது கராச்சியில் இரவுப்பணி பார்க்கும் பையன். இணையதளத்தில் சிரிக்கும் பேராசிரியர்களும், வாழ்க்கை மாறிவிட்டது என்று காணொளியில் சொல்லும் மாணவர்களும் கூலிக்கு நடித்தவர்கள். இதெல்லாம் நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். அடுத்தது அப்படியல்ல. 'இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா?' என்று விவரமான ஒருவர் கேட்பார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அங்கீகாரம் கொடுக்கும் அமைப்புகளையும் அவர்களே உண்டாக்கி, அவற்றுக்கும் தனி இணையதளம் போட்டு வைத்திருந்தார்கள். நீங்கள் சந்தேகப்பட்டுச் சோதிக்கப் போகிற இடத்திலும் அவர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

ரப்பர்ப் பாலை எடைபோட்ட காலம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. விடியற்காலையிலிருந்து வெட்டிய பாலைச் சுமந்து ஸ்டோருக்குப் போனால், தராசு அவர்களுடையது, எடைக்கல்லும் அவர்களுடையது, எழுதுகிற புத்தகமும் அவர்களுடையது. எடை சரிதானா என்று அவர்களிடமே கேட்டால் என்ன பதில் வரும்? பட்டம் விற்பவன் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்து, பட்டம் விற்பவன் அனுப்பிய லிங்கைத் தட்டி, 'செக் பண்ணிட்டேன்ப்பா, எல்லாம் சரியா இருக்கு' என்று சொல்கிற பிள்ளையும் அந்தக் கல்லை வைத்துத்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறான்.

ஆக்ஸாக்ட் கதையின் கொடுமையான பகுதி பட்டம் கைக்கு வந்த பிறகு தொடங்கியது. சில மாதம் கழித்து ஒரு அழைப்பு வரும். நான் அமெரிக்க அரசு அதிகாரி பேசுகிறேன், உங்கள் சான்றிதழில் ஒரு முத்திரை குறைகிறது, அது இல்லாமல் வைத்திருப்பது குற்றம், இவ்வளவு டாலர் கட்டுங்கள். பேசுவது பட்டம் விற்ற அதே கூட்டம். வாங்கியவர் யாரிடம் போய் முறையிடுவார்? முறையிட்டால் வேலை போகும். பிபிசி வானொலி 2018 சனவரியில் வெளியிட்ட தகவல்படி, 2013, 2014 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனில் மட்டும் 3,000க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் போயிருந்தன. ஒரே மனிதர் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பவுண்டு கட்டியிருந்தார். முதலில் கட்டியது ஆசைக்கு, பிறகு கட்டியதெல்லாம் பயத்துக்கு. நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் 2017இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 21 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அந்த வழக்கில் சொல்லப்பட்ட மொத்தத் தொகை சுமார் 14 கோடி அமெரிக்க டாலர்.

'அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்' என்று காட்டப்பட்ட சான்றிதழ்களும் அந்த வியாபாரத்தில் இருந்தன. கையெழுத்து உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த மாதிரிக் கடிதம் எதற்கு? ஓர் ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் இன்னாருடையவை என்று உறுதி சொல்வதற்கு. ஆவணத்துக்குள் எழுதியிருப்பது உண்மையா என்று அதைப் போடுகிறவர் பார்ப்பதில்லை. நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் முத்திரை வாங்கிக் கொடுத்தாலும், நோட்டரி வக்கீல் கையெழுத்துப் போட்டாலும் அதே கதைதான். முத்திரை எத்தனை பெரியது என்று பார்க்காதீர்கள், அது எதற்குச் சாட்சி சொல்கிறது என்று பாருங்கள்.

ஒரு நாட்டின் அரசாங்கமே அங்கீகாரம் கொடுத்திருக்கிறதே என்பார்கள். அமெரிக்காவின் ஸ்போகேன் பகுதியில் ஒரு கணவனும் மனைவியும் செயின்ட் ரீஜிஸ் என்ற பெயரில் பட்டம் விற்றார்கள். உள்நாட்டுப் போரில் நொந்து கிடந்த லைபீரியா நாட்டின் அதிகாரிகளுக்குக் காசு கொடுத்து அங்கீகாரத்தை வாங்கி வைத்திருந்தார்கள். இலினாய் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜார்ஜ் கோலின் விடாமல் துருவினார், 2005இல் சோதனை நடந்தது, 2008இல் இருவருக்கும் மூன்று ஆண்டு சிறை. வாங்கியவர்கள் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். அந்தப் பட்டியலும் பத்திரிகையில் வெளிவந்தது. விற்றவர் மூன்று ஆண்டில் வெளியே வந்துவிடலாம், வாங்கியவர் பெயர் இணையத்தில் தேடினால் இன்றைக்கும் கிடைக்கும்.

அடுத்து, மண்டபம். நம் சனங்களுக்கு மண்டபத்தின் மேல் தனி மரியாதை. மேடை, மாலை, அங்கி, சதுரத் தொப்பி, புகைப்படம் இருந்தால் போதும், வேறு எதையும் கேட்பதில்லை. ஐரிஷ் இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி என்று ஒன்று இருந்தது. அயர்லாந்து அரசு அங்கீகரிக்காத ஐரிஷ் பல்கலைக்கழகம். அதன் பின்னால் நம் மலேசியத் தொழிலதிபர் ஒருவர் இருந்தார் என்று பிபிசி 2008 சனவரியில் அம்பலப்படுத்தியது. அவர்கள் பட்டமளிப்பு விழாவுக்குத் தேர்ந்தெடுத்த ஊர்கள் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும். வாடகை கொடுத்தால் அங்கேயும் மண்டபம் கிடைக்கும். நம் தமிழ்நாட்டுச் செய்தியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கில் ஒரு தனியார் அமைப்பு கௌரவ டாக்டர் பட்டம் என்று வழங்கியது. இசையமைப்பாளர் தேவா, நடிகர் வடிவேலு, யூடியூபில் நம் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும் கோபி, சுதாகர் என்று எல்லோர் பெயரும் அதில் இருந்தது. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அரங்கைத்தான் கொடுத்தோம் என்று பல்கலைக்கழகம் காவல்துறையில் புகார் கொடுத்தது. பட்டத்தைப் பெற்றுக்கொண்டவர்கள்தான் பாவம், சிரிப்புக்கு ஆளானார்கள். இங்கேயும் கல்யாணப் பத்திரிகையில் டாக்டர் போட்டுக்கொள்ளும் ஆசை கொஞ்சம் அதிகம்தான். யார் மனதையும் புண்படுத்த நான் வரவில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

இதுவரை சொன்னது முழுப் போலி. நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுவது வேறு இடத்தில். பல்கலைக்கழகம் உண்மை, கட்டடம் உண்மை, பேராசிரியர் உண்மை, ஆனால் நீங்கள் சேர்ந்த அந்தப் பாடத்துக்கு மட்டும் அங்கீகாரம் கிடையாது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நமக்கெல்லாம் மரியாதைக்குரிய பெயர். 2022 மார்ச்சில் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது: அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைக் கல்வி நடத்த 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று. அதற்குப் பிறகு நம்பிச் சேர்ந்தவர்களின் நிலையை யோசியுங்கள். சத்தீஸ்கர் மாநிலத்தில் ஒரு சட்டத்தின் துணையோடு முளைத்த 112 தனியார் பல்கலைக்கழகங்களை இந்திய உச்ச நீதிமன்றம் 2005 பிப்ரவரியில் ஒரே தீர்ப்பில் செல்லாதவை ஆக்கியது. பல்கலைக்கழகம் பெரிய பெயரா என்று கேட்பது போதாது. இந்தப் பாடம், இந்த முறையில், நான் சேரும் இந்த ஆண்டில் செல்லுமா என்று கேட்க வேண்டும். 'அக்கா மகன் அங்கேதான் படித்தான், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான்' என்பது அக்கா மகனுக்கு மட்டுமே பொருந்தும் சான்று.

அப்படியானால் நம் கையில் இருக்கும் தராசு எது? மலேசியாவில் அது எம்.கியூ.ஏ., மலேசியத் தகுதி முகமை. 1997 முதல் இருந்த எல்.ஏ.என். என்ற அமைப்புக்குப் பதிலாக, 679ஆம் சட்டத்தின்படி 2007 நவம்பர் 1ஆம் தேதி வந்தது. அலுவலகம் சைபர்ஜெயாவில். எம்.கியூ.ஆர். என்ற பதிவேட்டை அது பொதுமக்களுக்காகத் திறந்து வைத்திருக்கிறது. காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டியதில்லை. கல்லூரி அனுப்பிய இணைப்பைத் தட்டாதீர்கள். நீங்களாகவே எம்.கியூ.ஏ. தளத்துக்குப் போய், கல்லூரியின் பெயரைத் தேடி, உங்கள் பாடத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். முழு அங்கீகாரம் பெற்ற பாடத்தின் எண்ணில் பெரும்பாலும் எஃப்.ஏ. என்று இருக்கும். பி.ஏ. என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், பாடம் புதிது, இன்னும் முழுச் சோதனை முடியவில்லை. தற்காலிகம் என்பதாலேயே ஓட வேண்டாம், முதல் தொகுதி மாணவர்கள் முடிக்கும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஆனால் தெரிந்து சேருங்கள். முழுநேரத்துக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி இணையவழிப் பாடத்தை விற்பதும் நடக்கும். எந்த முறையில் நடத்த அனுமதி என்பதையும் அந்தப் பதிவேட்டிலேயே பாருங்கள்.

அரசாங்க வேலை என்றால் ஜே.பி.ஏ., அதாவது பொதுச் சேவைத் துறை, ஏற்றுக்கொள்கிறதா என்பது தனிக் கேள்வி. மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றம், பொறியியல் என்றால் பொறியாளர் வாரியம். அவர்கள் பட்டியலில் இல்லாவிட்டால் தங்கச் சட்டம் போட்டு மாட்டினாலும் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. சுருக்க வழி வேண்டுமா? உள்ளூர்க் கல்லூரிக்காரரிடம், 'இந்தப் பாடத்துக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா, கே.டபிள்யூ.எஸ்.பி. சேமநிதிப் பணத்தைக் கல்விக்கு எடுக்கலாமா?' என்று கேளுங்கள். காசை வெளியே விடுவதற்கு முன் அவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். கல்லூரிக்காரர் பேச்சை மாற்றினால் நீங்கள் நாற்காலியை மாற்றுங்கள்.

அவர்கள் காட்டும் மற்ற காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.எம். பதிவு என்றால் கம்பெனியாகப் பதிந்திருக்கிறார்கள் என்று மட்டும் பொருள், மளிகைக் கடைக்கும் அது உண்டு. எச்.ஆர்.டி. கார்ப் பயிற்சிக்குப் பணம் தரலாம், பட்டத்துக்கு உயிர் தராது. ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் அலுவலக நிர்வாகத்தைப் பற்றியது. யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். யுனெஸ்கோ எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை.

அந்தத் தொழிற்சாலை அண்ணனை நடுவழியில் விட்டுவிட்டேன். அவருக்கு அனுபவம் இருக்கிறது, அதற்கு மதிப்பே கிடையாதா என்று கேட்டால், உண்டு. அளக்கிறவர் யார் என்பதில்தான் விஷயம். அமெரிக்காவில் 2004இல் ஒரு வேடிக்கை நடந்தது. பென்சில்வேனியா மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்தார், டிரினிட்டி சதர்ன் யுனிவர்சிட்டி என்ற கடையைச் சோதிக்க ஒரு விண்ணப்பம் போட்டார்கள். விண்ணப்பதாரர் பெயர் கோல்பி நோலன். குழந்தை பார்த்துக்கொண்டது, பத்திரிகை போட்டது, உணவுக் கடையில் வேலை செய்தது என்று அனுபவம் எழுதினார்கள். உங்கள் அனுபவத்துக்கு இளநிலைப் பட்டம் என்ன, இன்னும் 100 டாலர் கட்டினால் எம்.பி.ஏ.வே தரலாம் என்று பதில் வந்தது. பட்டமும் வந்தது, மதிப்பெண் பட்டியலும் வந்தது, சராசரி 3.5. கோல்பி நோலன் ஒரு பூனை. அந்த அலுவலகத்து வழக்கறிஞர் ஒருவர் வீட்டில் வளர்ந்த பூனை. நான் பார்த்த வரையில் அதற்குப் பதவி உயர்வு கிடைத்ததாகச் செய்தி இல்லை.

அதே அனுபவத்தை நம் நாட்டில் முறையாக அளக்க ஏப்பல் என்று ஒரு வழி இருக்கிறது. முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் திட்டம், எம்.கியூ.ஏ.வின் கீழ் நடப்பது. 21 வயதைத் தாண்டி, அந்தத் துறையில் வேலை அனுபவம் இருந்தால், எஸ்.டி.பி.எம். தேர்வு இல்லாமலே இளநிலைப் படிப்பில் நுழையலாம். டிப்ளோமாவுக்கு 20 வயது, முதுகலைக்கு 30. செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும், தகுதித் தேர்வும் எழுத வேண்டும். கவனியுங்கள், இது படிப்புக்குள் நுழையும் கதவு. உள்ளே போனபின் மற்றவர்களைப் போலப் படித்துத் தேற வேண்டும். ஏப்பல் பெயரைச் சொல்லி, தேர்வில்லாமல் நேராகப் பட்டம் என்று யாராவது வந்தால், மறுபடியும் எம்.கியூ.ஏ. தளம்தான். அனுபவத்துக்கே தகுதி வழங்கும் வேறொரு ஏற்பாட்டை நடத்த எந்த நிறுவனங்களுக்கு அனுமதி என்பதும் அங்கே இருக்கும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நம் நாட்டில் இடமும் இருக்கிறது. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், நாம் சொல்லும் யூ.எஸ்.எம்., 1971இலேயே தொலைநிலைக் கல்வி தொடங்கியது. மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2000இல் வந்தது, வாவாசான் 2006இல். இவற்றில் பட்டம் வாங்க நான்கு, ஐந்து வருடம் ஆகலாம். இரவுப்பணி முடித்து வந்து பாடம் படிப்பது சுலபம் இல்லை, அம்மா திட்டுவார், மனைவி முறைப்பார். இரண்டு வருடத்தில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. விட்டாலும் படித்த பாடம் உங்களுடையது. ஆறு வாரப் பட்டத்தில் அதுவும் மிஞ்சாது.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இங்கே இருக்கலாம். கை தூக்கச் சொல்ல மாட்டேன். நேற்று இன்று கட்டியிருந்தால், உடனே வங்கிக்கும், 997 என்ற எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் அழையுங்கள். பணம் இன்னொரு கணக்குக்கு மாறுவதற்குள் பிடித்தால் உண்டு. இனி கட்டப் போகிறவர்கள், கணக்கு கல்லூரி பெயரில் இல்லாமல் தனியாள் பெயரில் இருந்தால் கட்டாதீர்கள். அந்தக் கணக்கெண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டால், அதன் மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்று காட்டும். பட்டம் கைக்கு வந்துவிட்டதென்றால், அதை எந்த விண்ணப்பத்திலும் எழுதாதீர்கள். அலமாரியில் இருக்கும் வரை அது நீங்கள் இழந்த காசு. விண்ணப்பத்தில் ஏறிவிட்டால் நீங்கள் சொன்ன பொய். மிரட்டி யாராவது மேலும் பணம் கேட்டால், கட்டாமல் காவல் நிலையத்துக்குப் போங்கள். முதல் மிரட்டலுக்குக் கட்டியவருக்குத்தான் இரண்டாவது மிரட்டல் வரும்.

நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன், ஆனால் தேநீர் ஆறுகிறது என்று அக்கா ஜாடை காட்டுகிறார். சேரலாம் என்று ஏதாவது ஒரு பாடத்தை மனதில் வைத்திருப்பவர்கள் கைப்பேசியோடு இந்த மேசைக்கு வாருங்கள், பதிவேட்டில் இப்போதே தேடிவிடலாம். பின்னால் நிற்கும் தம்பி முதலில் வாங்க. கல்லூரி பெயர் என்ன சொன்னீங்க?